எறும்புக்குப் பெயர் எதற்கு?

உயிரியல் பயிலும் நண்பர்கள் சிலர், சிற்றினங்களை இனங்கண்டு பெயரிடும் துறையைக் கணக்கப்பிள்ளை வேலை என்று ஏளனம் செய்கின்றனர். மரபணுவை ஆராய்வதே அறிவியலாம். எறும்பின் காலை அளப்பது வீண் வேலையாம்! இக்கருத்து தவறு என்பதற்குப் பாலைநில எறும்பு ஒன்றே சான்று.

துனீசியா, அல்ஜீரியா நாடுகளின் உப்புப் படிந்த வெளிகளில் மரமில்லை, புதரில்லை. அங்கே வாழ்வது கேட்டகிளிபிஸ் ஃபோர்ட்டிஸ் என்னும் எறும்பு. 1902 இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஒகுஸ்ட் ஃபொரேல் இதனை வேறொரு சிற்றினத்தின் வகையாகவே குறித்தார். 1983 இல்தான் ரூடிகர் வேனர் உடலமைப்பையும் வாழிடத்தையும் ஆராய்ந்து, இது தனிச் சிற்றினமே என்று நிறுவினார்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். சுட்டெரிக்கும் வெயிலில் இவ்வெறும்பு தனியே புறப்பட்டு, வெப்பத்தில் மடிந்த பூச்சிகளைத் தேடி நூறு மீட்டருக்கும் அப்பால் செல்கிறது. பிற எறும்புகள் பலவற்றைப் போல வழியெங்கும் மணத்தை இட்டுச் செல்வதில்லை. வளைந்து வளைந்து போனாலும், இரை கிடைத்ததும் நேரே கூடு திரும்புகிறது. தளவிளைவுற்ற வானொளியைக் கண்டு திசை அறிகிறது. எடுத்து வைத்த அடிகளால் தொலைவை அறிகிறது. 2006 இல் வெளியான ஆய்வில், இரை கண்ட எறும்புகளின் கால்களைப் பன்றி மயிர் ஒட்டி நீட்டியபோது அவை கூட்டைத் தாண்டிச் சென்றன. கால்களைக் குறைத்தபோது கூட்டை எட்டுமுன்பே நின்று தேடின.

காலே அளவுகோலாக உள்ள உயிரில், நெட்டைக் காலியையும் குட்டைக் காலியையும் ஒரே பெயரில் அடைத்தால் ஆய்வு என்னாகும்? திறந்த வெளியில் வாழ்வதும் புதரோரம் வாழ்வதும் ஒன்றெனக் கொண்டால் முடிவு எப்படித் தேறும்?

வகுத்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் எறும்பை மூவறிவு உயிர்களுள் வைத்தது. அங்கே கண்ணறிவு நான்காவது. வானைப் பார்த்து வழி காணும் எறும்பை அறிந்த நாம் அவ்வகுப்பைத் திருத்தலாம். உற்றுநோக்கி வகுக்கும் பழக்கத்தையே விட்டுவிடலாமா?

இதே பேரினத்து எறும்புகள் இராசத்தானத்து வறண்ட நிலத்திலும் வாழ்கின்றன. இந்திய எறும்புகளை இனங்காணப் பிங்காம் 1903 இல் எழுதிய நூலை இன்றும் புரட்டுகிறோம். 2016 இல் வெளியான பட்டியலில் நம் நாட்டு எறும்புகள், துணைச் சிற்றினங்களையும் சேர்த்து, 828. அவற்றின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும். வடபுலம் வந்து பயிலும் நமக்கு அந்தப் பாலை அருகிலேயே இருக்கிறது. ஆய்வுக்குப் பொருள் தேடும் நண்பர்கள் அங்கும் ஒருமுறை சென்று பாருங்கள்.

மரபணு ஆய்வு வேண்டா என்று நான் சொல்லவில்லை. எந்த உயிரின் மரபணு என்று சொல்லத் தெரிந்தவரும் வேண்டும் என்கிறேன்.