வயதின் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது எட்டு. போன வருடம் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, காபி குடித்து, பேப்பரில் தலைப்புச் செய்திகளை முடித்து வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்குத் தூக்கிப் போனேன். "வயசாயிடுச்சு சார், இனிமே இதுல காசு போடாதீங்க. 40,000 ரூபாய்ல புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகையா?

லீவுக்கு வந்த பேரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "தாத்தா, இதுக்கு வயசாகலை. நீங்க ஆன் பண்ணின உடனே பதினேழு ப்ரோக்ராம் கூடவே எழுந்துக்குது."

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியைத் திறந்தால் ஒரு பட்டியல். கொரோனா காலத்தில் கல்யாணம் பார்க்கப் போட்ட வீடியோ மீட்டிங் செயலி, பாட்டுக் கேட்கும் செயலி, பிரிண்டரில் மை தீர்ந்தால் சொல்லும் நிரல், இந்தப் பேரனே முன்பு போட்டுவிட்டுப் போன விளையாட்டு என்று எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் கணினியை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதும் பக்கத்திலேயே ஹை, மீடியம், லோ என்று போட்டிருந்தது.

கல்யாண வீட்டில் எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்காரணும் என்று முண்டியடித்தால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்? அந்த நிலைதான் என் கணினிக்கு. வேண்டாதவற்றின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' கொடுத்தான். வைரஸ் தடுப்பு, ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிட்டான். டிஸேபிள் என்றால் அழிப்பது அல்ல. தானாகக் கிளம்பாது, அவ்வளவுதான். வேண்டும்போது நாம் திறந்தால் வேலை செய்யும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்துவிடலாம். மறுநாள் இரண்டே நிமிடத்தில் கணினி தயார்.

இதில் எனக்குக் கோபம் என்னவென்றால், இவற்றுக்கெல்லாம் அனுமதி கொடுத்தது யார்? நிரலை நிறுவும்போது நாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகிறோம். தானாகத் தொடங்கு என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்துவிடுகிறார்கள். சில நிரல்கள் அதைக்கூடக் காட்டுவதில்லை. காசு கொடுத்து வாங்கியது நாம். வாசல் கதவைத் திறக்கும்முன் நம்மைக் கேட்பதுதானே மரியாதை? கேட்டு, நாம் சரி என்ற பிறகே ஓட வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் என் தவறையும் சொல்லியாக வேண்டும். பேரன் ஊருக்குப் போனதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சர்வீசஸ் என்று தட்டினால் இன்னொரு பட்டியல் வருகிறது. நூற்றுக்கும் மேல் வரிகள். பெயர் புரியாதவற்றையெல்லாம் நிறுத்திக்கொண்டே போனேன்.

நவம்பர் வந்தது. உயிர்ச் சான்று கொடுக்கும் மாதம். விரல் ரேகைக் கருவியைச் செருகி, ஜீவன் பிரமாண் மென்பொருளைத் திறந்து விரலை வைத்தேன். அசையவில்லை. கையைக் கழுவித் துடைத்து வைத்தேன். வேறு விரலை வைத்தேன். மூன்று நாள் இதே கதை. "வயசானா ரேகை தேஞ்சுடுமாம்" என்றாள் மனைவி. எனக்கும் உள்ளூர பயம்தான். சான்று போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடுமே.

கடைசியில் பேரனுக்குப் போன் செய்தேன். அந்தக் கருவி வேலை செய்ய, அதற்கான ஆர்.டி. சர்வீஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். நான் நிறுத்திய வரிகளில் அதுவும் ஒன்று! அவன் சொன்னபடி அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, 'ஸ்டார்ட்' கொடுத்தேன். விரலை வைத்ததும் ரேகை பதிவானது. சான்றை அச்செடுக்கப் போனால் பிரிண்டர் ஓடவில்லை. பிரிண்ட் ஸ்பூலர் என்பதையும் நிறுத்தியிருந்தேன்!

ஆகவே என் அனுபவப் பாடம்: ஸ்டார்ட்அப் பட்டியலில் நீங்களே தைரியமாகக் கை வைக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் இது இன்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஒழியத் தொடவேண்டாம். எதை மாற்றினாலும் ஒரு நாளில் ஒன்று மட்டும். அதன் பெயர், முன்பு எப்படி இருந்தது, தேதி, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதி வளர்ந்த நமக்கு இது பெரிய காரியமா?

கடைக்காரர் கணினிக்கு வயதாகிவிட்டது என்றார். வீட்டில் என் விரலுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். இரண்டுமே இல்லை. வேண்டாதது ஓடிக்கொண்டிருந்தது, வேண்டியது நின்றுபோயிருந்தது. புதுக் கணினிக்குப் பணம் எடுக்கும்முன், அந்த மூன்று விசைகளையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.