சர்வதேச உறவுகள் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் எங்கே போவது?

2025 மார்ச் 8. ரமளான் மாத இரவு. நியூயார்க் நகரில் இஃப்தார் விருந்து முடிந்து கர்ப்பிணி மனைவியுடன் வீடு திரும்பிய மஹ்மூத் கலீலை அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் வாசலிலேயே பிடித்துச் சென்றார்கள். சிரியாவின் அகதி முகாமில் பிறந்த ஃபலஸ்தீனியர் அவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சர்வதேச மற்றும் பொது விவகாரப் பள்ளியில் முதுகலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். கையில் கிரீன் கார்டு இருந்தது. எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆனாலும் லூசியானாவில் 104 நாட்கள் தடுப்புக் காவல். முதல் குழந்தை பிறந்தபோதுகூட அவரை வெளியே விடவில்லை.

அடுத்த ஒன்பதாவது நாள் வர்ஜீனியாவில் பதர் கான் சூரி கைது செய்யப்பட்டார். இவர் இந்தியர். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் அமைதி மற்றும் மோதல் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தவர். தெற்காசியாவில் பெரும்பான்மைவாதமும் சிறுபான்மையினர் உரிமைகளும் என்ற பாடத்தை அந்தப் பருவத்தில் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு மாதங்கள் கழித்து நீதிமன்றம்தான் அவரை வெளியே கொண்டுவந்தது.

இந்தச் செய்திகளைப் படித்த நம் பெற்றோர்கள் பலர் எடுத்த முடிவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. 'இந்தப் படிப்பே நமக்கு வேண்டாம், பேசாமல் பி.இ. படி.' ஏற்கனவே நம் மஹல்லாக்களில் நடக்கும் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மருத்துவம், பொறியியல், சி.ஏ., இவற்றைத் தாண்டினால் சட்டம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சர்வதேச உறவுகள் என்றொரு முதுகலைப் படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரையும் இந்தக் கைதுகள் பயமுறுத்திவிட்டன.

பயம் நியாயமானதுதான். முடிவுதான் தவறு.

இலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அந்நாட்டு அரசு கொரோனாவில் இறந்த அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசிதழில் அறிவித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும், பிறந்து இருபது நாளான பச்சிளங்குழந்தையின் ஜனாஸாகூட எரிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் டிசம்பரில் தள்ளுபடியாயின. 2021 பிப்ரவரி இறுதியில், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், அடக்கம் செய்ய அனுமதி வந்தது. இடையில் என்ன நடந்தது? ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் கொழும்புக்குக் கடிதம் எழுதினார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அறிக்கை விட்டது. பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்து பேசினார். இவை எதுவும் தானாக நடப்பதில்லை. எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவத்தில், எந்த உடன்படிக்கையின் எந்தப் பிரிவைக் காட்டி, எந்தக் கூட்டத்தொடருக்கு முன்னால் எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் நடக்கும். அந்த வேலைக்கான படிப்புதான் இது.

வளைகுடாவில் தந்தை வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது, சம்பளம் நிற்பது, கஃபாலா முறை, தூதரகத்தில் காத்துக் கிடப்பது எல்லாமே சர்வதேச உறவுகள்தான். நாம் அதற்குள்ளேயே வாழ்கிறோம், படிக்கத்தான் இல்லை.

சரி, எங்கே படிப்பது?

இந்தத் துறையில் பெயர் பெற்ற பள்ளிகளில் பல அமெரிக்காவில் உள்ளன. கொலம்பியா, ஜார்ஜ்டவுன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிளெட்சர் பள்ளி. பாடத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய நிலையில் ஒரு முஸ்லிம் மாணவர் அங்கே போவதென்றால் மூன்று விஷயங்களை மொத்தமாகக் கணக்குப் போட வேண்டும். முதலாவது பணம். கொலம்பியாவில் கட்டணமும் நியூயார்க் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர்; படிப்பு இரண்டு ஆண்டு. இரண்டாவது, படிப்புக்குப் பின் வேலை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் ட்ரம்ப் அறிவித்துவிட்டார். மென்பொருள் நிறுவனமே யோசிக்கும் தொகை. ஒரு தொண்டு நிறுவனமோ ஆய்வு மையமோ நம் பிள்ளைக்காக அதைக் கட்டுமா? மூன்றாவது வாய்ப்பூட்டு. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். காஸாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அதையும் ஓர் அதிகாரி படிப்பார். டஃப்ட்ஸில் படித்த துருக்கி மாணவி ருமைஸா ஓஸ்துர்க், மாணவர் பத்திரிகையில் மற்ற மூவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியதற்காக ஆறு வாரங்களுக்கு மேல் காவலில் இருந்தார்.

அப்படியானால் இந்தியாவிலேயே படிப்பது பாதுகாப்பா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜே.என்.யூ.வில் முனைவர் பட்டம் முடித்த உமர் காலிதும், அங்கேயே ஆய்வு மாணவராக இருந்த ஷர்ஜீல் இமாமும் 2020-இல் சிறைக்குப் போனவர்கள். விசாரணை தொடங்காமலே ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019 டிசம்பர் 15 அன்று ஜாமியா நூலகத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்ததை நாம் மறக்கவில்லை. சிங்கப்பூரில் காஸாவுக்காக அதிபர் மாளிகைக்கு ஊர்வலம் போன மூன்று பெண்கள் மீது வழக்கு. 2025 அக்டோபரில்தான் நீதிமன்றம் விடுவித்தது. துருக்கியில் 2016-இல் குர்து பிரச்சனைக்கு அமைதி வழி கேட்டுக் கையெழுத்திட்ட பேராசிரியர்கள் பலர் வேலையை இழந்தார்கள். ஃபலஸ்தீனத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேச இடம் கொடுக்கும் முஸ்லிம் நாடு, தன் சொந்த ஆட்சியைப் பற்றிப் பேச இடம் கொடுக்காது. ஆகவே 'எந்த நாடு நமக்கு நல்ல நாடு' என்று தேடாதீர்கள். நான் ஆய்வு செய்ய நினைக்கும் விஷயத்தை எந்த நாட்டில் உட்கார்ந்து எழுத முடியும், எங்கே முடியாது என்று பாருங்கள். உலகத் தரவரிசைப் பட்டியல் எதுவும் இதைச் சொல்லாது.

என் கருத்தில், நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் முதுகலை இந்தியாவில்தான் இருக்க வேண்டும். காரணம் மிகச் சாதாரணமானது, பணம். ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, பின்னர் ஜே.என்.யூ.வோடு இணைந்தது. கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. ஜாமியாவில் மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் பெயரிலேயே சர்வதேச ஆய்வுகளுக்கான அகாடமி இயங்குகிறது. டெல்லி தூரம் என்று தயங்கும் வீடுகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகமும் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் ஒரே இரவுப் பயணத்தில் வந்துவிடும். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் சர்வதேச ஆய்வுகளில் முதுகலை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சி.யூ.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் வரும். மே மாதம் கல்லூரி முடிந்த பிறகு விசாரிக்கத் தொடங்கும் நம் வழக்கத்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டம் இதைத் தவறவிடுகிறது.

இங்கே ஒரு முதுகலை, இரண்டு மூன்று வருட வேலை, அதன்பின் முழு உதவித்தொகையோடு வெளிநாடு என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வரிசை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம். ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். துருக்கி அரசின் 'துர்கியே புர்ஸ்லாரி' கட்டணம், விடுதி, மாதத் தொகை, ஓராண்டு மொழிப் பயிற்சி வரை எல்லாம் தரும். முதுகலைக்கு 30 வயதுக்குள் இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் செலவில் நம் கைக்கு எட்டக்கூடியது. சிங்கப்பூரில் இந்தத் துறைக்கான பள்ளிக்கு அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத் தமிழர். நம் மொழிக்காரர் ஒருவர் ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையையே வகுத்தவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வட்டிக் கடன் வாங்கி வெளிநாடு போவது மார்க்கப்படி எப்படிப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். உலகக் கணக்கிலும் அது நஷ்டம்தான். இந்தப் படிப்பு முடித்தவுடன் பொறியாளர் சம்பளம் கிடைக்காது. தொண்டு நிறுவனச் சம்பளத்தில் ஐம்பது லட்சக் கடனுக்குத் தவணை கட்டுபவர், கடைசியில் எந்த வேலைக்காகப் படித்தாரோ அதை விட்டுவிட்டு வேறு எதையாவது செய்யப் போய்விடுவார்.

அரசு உதவி? ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-இல் நிறுத்தியது. வெளிநாட்டில் படிக்கும் சிறுபான்மை மாணவர்களின் கல்விக் கடன் வட்டிக்கு மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் அதே ஆண்டோடு முடிந்தது. தமிழக அரசு 2025-இல் வெளிநாட்டில் முதுகலை படிக்க 10 முஸ்லிம் மாணவர்களுக்குத் தலா 36 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் பத்துப் பேர் போதுமா? ஆண்டுதோறும் மண்டபங்களுக்கும் மினாராக்களுக்கும் நம் ஜமாஅத்துகள் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஒரு மாவட்டத்துக்கு ஒரு மாணவர் என்று அனுப்பிவிடலாம்.

விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் நோக்க அறிக்கை. 'சிறு வயது முதலே உலக அமைதியில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக் குழு ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டது. கன்சல்டன்சிக்காரர்களிடம் கொடுத்தால் அப்படித்தான் எழுதித் தருவார்கள். பல்கலைக்கழகங்களிடம் கமிஷன் வாங்குபவர்கள் அவர்களில் பலர் என்பதையும் நினைவில் வையுங்கள். தம்மாமில் தந்தைக்கு ஆறு மாதச் சம்பளம் நின்றபோது எந்தச் சட்டமும் உதவவில்லை, ஏன் உதவவில்லை என்று அறிய விரும்புகிறேன் என்று எழுதுங்கள். அது உங்களால் மட்டுமே எழுத முடிந்த வரி. அந்தக் கேள்வியில் வேலை செய்யும் பேராசிரியர் அந்தப் பல்கலைக்கழகத்தில் யார், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துவிட்டு அதையும் சேர்த்தால் கடிதத்துக்கு எடை வரும்.

காஸாவைப் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்பேன், ஆனால் அறிந்து எழுத வேண்டும். 2023 டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்காவும் இஸ்ரேலும் உறுப்பு நாடுகளாக இருந்ததால்தான், எங்கோ இருக்கும் ஒரு நாடு இன்னொரு நாட்டை அங்கே நிறுத்த முடிந்தது. 2024 ஜனவரி 26-இல் வந்தது இடைக்கால உத்தரவு. இறுதித் தீர்ப்பு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் 'இஸ்ரேலுக்குத் தண்டனை' என்று அன்று வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஹேக் நகரில் அந்த வாதத்தைத் தொடங்கி வைத்த வழக்கறிஞர்களில் ஒருவர் அதிலா ஹாசிம், தென்னாப்பிரிக்க முஸ்லிம் பெண்.

கடைசியாக மொழி. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் அரபியும் ஒன்று. இந்தத் துறைக்கு வரும் பிற மாணவர்கள் இருபது வயதுக்கு மேல் பணம் கட்டி அதைக் கற்கிறார்கள். நம் மத்ரஸாக்களில் ஏழு வருடம் அரபி படித்து வெளியே வரும் ஆலிம்களுக்கு அந்த மூலதனம் ஏற்கனவே கையில் இருக்கிறது. நஹ்வும் ஸர்ஃபும் தெரிந்தவர் அல்ஜஸீராவின் அரபிச் செய்தியையும் அரபு நாளிதழ்களையும் தினமும் ஒரு மணி நேரம் படித்தால் ஓராண்டில் இன்றைய அரசியல் அரபி பிடிபட்டுவிடும். குறைவது ஆங்கிலமும் ஒரு பல்கலைக்கழகப் பட்டமும். ஆலிம் படிப்போடு பி.ஏ.வையும் சேர்த்து முடிக்கும் வாய்ப்பு இன்று தமிழகத்திலேயே உண்டு. அப்படி முடித்தவர் சி.யூ.இ.டி. எழுதினால் ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளிக்குள் நுழையும்போது, வகுப்பில் மூல ஆவணத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் வாசிக்கக்கூடிய ஒருசிலரில் ஒருவராக இருப்பார். இந்த ஆண்டு பட்டம் பெறும் ஆலிம்களிடம் அவர்களின் உஸ்தாதுகள் இந்தத் தேர்வின் பெயரையாவது சொல்லி அனுப்பட்டும்.