வொஷிங்டனில் ஒரு பகல்



இந்தப் பக்கத்தில் வழமையாக வீட்டுத்தோட்டம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் உங்களுடன் கதைத்து வருகிறேன். இம்முறை ஒரு பயணக்கதை. "உங்களுக்கென்ன, பிளேனிலை போய் வாறியள்" என்று சிலர் சிரிக்கக்கூடும். போக்குவரத்துச் செலவு முழுவதும் அக்காவுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 ஒக்டோபரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மலிவாகக் கிடைத்த ரிக்கற்றில் ஒரு சங்கடம் இருந்தது. காலை ஏழு மணிக்கு வொஷிங்டன் நகரத்தின் டலஸ் விமான நிலையத்தில் இறங்கினால், அடுத்த விமானம் இரவுதான். பெட்டிகளை நேரே கொழும்புக்குப் போட்டுவிட்டார்கள். கையில் ஒரு தோள்பை, அதற்குள் அக்கா கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும். "ஓரிடமும் போகாதை, ஏர்போட்டுக்குள்ளேயே இரு" என்று அக்கா நூறு தரம் சொல்லியிருந்தா. இடப்பெயர்வுக் காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு சைக்கிளையும் கொண்டு எத்தனை ஊர் கடந்தவள் நான். ரயில் ஓடும் ஊரில் எனக்கென்ன பயம் என்று வெளிக்கிட்டேன்.

விமான நிலையத்திலிருந்தே நகருக்கு ரயில் இருக்கிறது. 2022 நவம்பரில்தான் பாதையை அங்குவரை நீட்டினார்கள். இயந்திரத்தில் ஓர் அட்டை வாங்கிக் காசைப் போட்டு, வாசலில் தொட்டால் கதவு திறக்கும். எனக்கு இரண்டாம் முறைதான் திறந்தது. ஒரு மணித்தியாலம்போல ஓடி ஸ்மித்சோனியன் என்ற நிலையத்தில் இறங்கினேன். மேலே ஏறி வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஒரு நுனியில் அவர்களுடைய பாராளுமன்றம், மறு நுனியில் ஆபிரகாம் லிங்கனின் மண்டபம். இடையில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். இருபுறமும் பெரிய அருங்காட்சியகங்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களுக்குள் போகக் கட்டணமே இல்லை. குளிருக்கு ஒதுங்கவும் மலசலகூடத்துக்கும் அவை எனக்கு உதவின. தனியே பயணம் போகும் பெண்ணுக்கு இந்த இரண்டாவது விடயம் எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் தெரிவது ஜோர்ஜ் வொஷிங்டனின் நினைவாகக் கட்டிய 555 அடி உயரத் தூண். கூர்ந்து பார்த்தால் 150 அடியளவில் கல்லின் நிறம் மாறுவது தெரியும். 1848இல் கட்டத் தொடங்கிய தூண், பணமில்லாமல் நின்று, பிறகு உள்நாட்டுப் போரும் வந்து, இருபது வருடங்களுக்கு மேல் அரைகுறையாகக் கிடந்தது. திரும்பத் தொடங்கியபோது அதே நிறக் கல் கிடைக்கவில்லை. 1884இல்தான் முடித்தார்கள். வீட்டுத்திட்டக் காசு பாதியில் நின்று, பிறகு வேறு கல்லால் சுவரை உயர்த்திய எங்கள் ஊர் வீடுகள்தான் என் கண்ணில் வந்தன. அவ்வளவு பெரிய நாட்டிலும் அந்த இணைப்பு மறையவில்லை.

அங்கிருந்து இரண்டாம் உலகப்போர் நினைவிடத்தைக் கடந்து, நீண்ட நீர்த்தடாகத்தின் ஓரமாக நடந்தேன். அக்காவின் பழைய சப்பாத்து காலைக் கடித்தது. லிங்கன் மண்டபத்துப் படிகளில் இருந்து இடியப்பத்தைச் சாப்பிட்டேன். மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு, நிறத்தின் காரணமாக அந்த நகரின் பெரிய அரங்கொன்றைக் கொடுக்க மறுத்தார்கள். 1939 ஏப்ரல் 9ஆம் திகதி அவர் இந்தப் படிகளில் நின்று பாடினார், 75,000 பேர் கேட்டார்கள். மாட்டின் லூதர் கிங் 1963இல் இங்கே பேசியதை எல்லோரும் சொல்வார்கள். இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னமே ஒரு பெண் இதே படியில் நின்றதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அக்காவின் மகள் புத்தகம் காட்டிச் சொல்லித்தான் தெரியும்.

படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் மரங்களுக்கிடையே ஒரு பாதை. அதுதான் நான் போக நினைத்த இடம். வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினரின் பெயர்ச்சுவர்.

தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோபுரம் இல்லை, தூண் இல்லை. பாதை மெல்லத் தாழ்ந்து போகிறது. பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் சுவர், கணுக்கால் உயரத்தில் தொடங்கி, நடக்க நடக்க உயர்ந்து, நடுவில் பத்து அடியாகித் தலைக்கு மேலே நிற்கிறது. அங்கே மடங்கி, மறுபக்கம் திரும்பவும் தாழ்ந்து போகிறது. ஒவ்வொரு பக்கமும் 246 அடிக்கு மேல் நீளம். அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அரை அங்குல எழுத்தில். பதவி இல்லை, பட்டம் இல்லை, பெயர் மட்டும். கல்லைக் கண்ணாடிபோல மினுக்கியிருப்பதால் பெயர்களுக்குள்ளே எமது முகமும் தெரிகிறது. அந்தக் கல் வந்தது எங்கேயிருந்து தெரியுமா? இந்தியாவின் பெங்களூரிலிருந்து.

இதை வரைந்தவர் ஒரு மாணவி. 1981இல் நடந்த போட்டிக்கு 1,421 வரைபடங்கள் வந்தன. பெயரை மறைத்து, இலக்கம் மட்டும் இட்டு நடுவர்கள் பார்த்தார்கள். தெரிவானது மாயா லின் என்ற 21 வயதுப் பெண்ணின் வரைபடம். சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். யாருடையது என்று தெரிந்ததும் கூச்சல் தொடங்கியது. கல் ஏன் கறுப்பு, நினைவிடம் ஏன் நிலத்துக்குக் கீழே, வீரம் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். அவருடைய இனத்தையும் இழுத்துப் பேசினார்கள். பெயர்களை அகரவரிசையில் போடும்படியும் சொன்னார்கள். அவர் விடவில்லை. இறந்த நாளின் வரிசையிலேதான் பெயர்கள் வரவேண்டும் என்று நின்றார். அகரவரிசையில் போட்டால் ஸ்மித் என்ற பெயரே நூற்றுக்கணக்கில் வரும். எந்த ஸ்மித் எங்கள் பிள்ளை என்று தாய் எப்படித் தேடுவாள்? நாள்வரிசையில் என்றால் ஒரே நாளில், ஒரே இடத்தில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். 1982 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டது.

சுவரின் நுனிகளில் தடித்த புத்தகம் வைத்திருக்கிறார்கள். பெயரைத் தேடினால் எந்தக் கல், எத்தனையாவது வரி என்று தெரியும். அதில் எட்டுப் பெண்களின் பெயர்கள் உண்டு. எட்டுப் பேரும் தாதியர். ஷரன் லேன் என்ற தாதியின் பெயரைத் தேடினேன். 1969 யூன் 8ஆம் திகதி, வேலை செய்த வைத்தியசாலைமேல் றொக்கற் விழுந்து இறந்தவர். அப்போது வயது 25. மேற்குப் பக்கம் 23ஆவது கல்லில் இருந்தது. வைத்தியசாலைமேல் விழும் குண்டைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் தாதியரின் பெயர்களை எந்தக் கல்லில் தேடுவது என்றுதான் அப்போது யோசித்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் போரில் இலட்சக்கணக்கான வியட்நாம் மக்கள் செத்தார்கள். தாய்மாரும் குழந்தைகளும் அவர்களுக்குள் அடக்கம். அவர்களின் ஒரு பெயரும் இந்தச் சுவரில் இல்லை. தங்கள் படையினருக்காக அவர்கள் கட்டிய சுவர் இது என்பது சரிதான். ஆனாலும் அந்தக் கல்லில் என் முகத்தைப் பார்த்தபோது, நான் அந்த இல்லாத பெயர்களின் பக்கத்து ஆள் என்றே எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருந்தது. பெரும்பாலும் சாய்சதுரம். இடையிடையே சிலதுக்கு மட்டும் கூட்டல் அடையாளம்போல ஒன்று. மஞ்சள் நிறச் சட்டை போட்ட வயோதிபர் ஒருவர், அங்கே தொண்டராக நிற்பவர், நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். சாய்சதுரம் என்றால் இறந்தது உறுதி. கூட்டல் அடையாளம் என்றால் காணாமற் போனவர், இன்னும் ஒரு முடிவும் தெரியாதவர். உடலின் எச்சம் கிடைத்து இன்னாரென்று உறுதியானால், அந்த அடையாளத்தின் மேலேயே சாய்சதுரத்தை வெட்டிவிடுவார்கள். அந்தப் போரில் காணாமற் போன 1,500க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை இன்னும் கணக்கில் வைத்துத் தேடுகிறார்கள்.

"உயிரோடு வந்தால்?" என்று கேட்டேன்.

கூட்டல் அடையாளத்தைச் சுற்றி ஒரு வட்டம் வெட்டுவது என்று தீர்மானித்திருக்கிறார்களாம். இன்றுவரை ஒரு வட்டமும் வெட்டப்படவில்லை என்றார்.

சற்றுத் தள்ளி எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், கல்லின்மேல் காகிதத் துண்டை வைத்துப் பென்சிலால் உரைத்துக்கொண்டிருந்தா. அப்படி உரைத்தால் பெயர் காகிதத்தில் வெள்ளையாக விழும். அவவுக்குக் கை எட்டவில்லை. காகிதத்தின் மேல் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். தம்பியின் பெயராம். பக்கத்தில் கூட்டல் அடையாளம். வருடத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து அந்தக் குறி மாறியிருக்கிறதா என்று பார்ப்பாவாம். மாற்றுவதென்றால் முதலில் தனக்குக் கடிதம் வரும் என்று தெரியுமாம். தெரிந்தும் வந்து பார்ப்பாவாம். "நீ எந்த நாடு?" என்று கேட்டா. சொன்னேன். "அங்கேயும் சண்டை நடந்ததல்லவா" என்றவ, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றா.

போகும் வழியில் பெண்களுக்கான சிலையையும் பார்த்தேன். அதற்கும் ஒரு கதை உண்டு. பெயர்ச்சுவர் போதாது, உருவம் வேண்டும் என்று 1984இல் மூன்று ஆண் படையினரின் சிலையைப் பக்கத்தில் வைத்தார்கள். அப்போ நாங்கள் எங்கே என்று கேட்டார் அங்கே தாதியாக இருந்த டயான் கார்ல்சன் எவன்ஸ். சுமார் 11,000 அமெரிக்கப் பெண்கள் படைச்சேவையில் வியட்நாமுக்குப் போயிருந்தார்கள், அநேகமானோர் தாதியர். 1987இல் நுண்கலை ஆணைக்குழு அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. இப்படியே விட்டால் நாய்களுக்கும் சிலை கேட்பார்கள் என்ற கருத்தில்கூடப் பேச்சு எழுந்தது. அவர் ஊர் ஊராய்ப் போய்ப் பேசி, ஆதரவு திரட்டி, 1993 நவம்பர் 11இல் சிலையைத் திறக்க வைத்தார். கிளென்னா குடேக்கர் என்ற பெண் சிற்பி செய்தது. மண்மூட்டைகளின்மேல் இருந்து காயப்பட்ட படைவீரனை ஒருத்தி மடியில் தாங்குகிறாள். இன்னொருத்தி முழந்தாளிட்டு வெறும் தலைக்கவசத்தைப் பார்த்தபடி. மூன்றாமவள் வானத்தைப் பார்க்கிறாள், காயக்காரரை ஏற்ற ஹெலி வருகிறதா என்று. மண்மூட்டையும் வானத்தைப் பார்த்த பெண்ணும்! நாங்கள் வானத்தைப் பார்த்தது கிபிர் வருகிறதா என்றல்லவா. சிலையைச் சுற்றி எட்டு மரங்கள் நட்டிருக்கிறார்கள், சுவரில் உள்ள எட்டுப் பெண்களுக்கும்.

பிறகு வெள்ளை மாளிகையைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், எல்லோரும் பார்ப்பதால். நான்கு மணிக்கு ரயில் ஏறி, ஆறு மணிக்கு முன் விமான நிலையத்தில் இருந்தேன். அக்காவுக்கு இந்தப் பத்திரிகை கிடைக்கும்போதுதான் தெரியும், நான் ஓரிடமும் இருக்கவில்லை என்று.

தொண்டர் எனக்கும் ஒரு காகிதத் துண்டு தந்திருந்தார். பெயர் எதையும் நான் உரைக்கவில்லை. யாரோ ஒருவரின் பக்கத்திலிருந்த கூட்டல் அடையாளத்தை மட்டும் உரைத்துக்கொண்டு வந்தேன். அது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சின்னம்மாவுக்காக.

சின்னம்மாவின் மகன் 2009 மே மாதம் தொடக்கம் இல்லை. கண்ணெதிரே கையளித்த பிள்ளை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் றோட்டோரம் இருக்கத் தொடங்கியபோது முதற் கிழமையே போய் இருந்தவ. படிவம் நிரப்பும் இடமெல்லாம் "இருக்கிறார்", "இறந்துவிட்டார்" என்று இரண்டே பெட்டி. ஒரு அலுவலகத்தில், மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கெதியாய்க் கிடைக்கும் என்று சொன்னார்கள். "என்ரை கையாலை அவனைச் சாகடிக்கச் சொல்லுறியளோ" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தவ.

முற்றத்தில் இருந்து நான் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டா. காகிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன அடையாளத்தை விரலால் தடவினா.

"உயிரோடை வந்தால் வட்டம் வெட்டுவினம் எண்டனீ. எவ்வளவு பெரிய வட்டம் பிள்ளை?"

"இன்னும் ஒண்டும் வெட்டேல்லைச் சின்னம்மா. எனக்குத் தெரியாது."

"வெட்ட இடம் விட்டிருக்கினமோ?"

காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அடையாளத்தைச் சுற்றி வெறும் கல்லின் கறுப்பு, பென்சில் உரைத்தபடி.

"விட்டிருக்கினம்," என்றேன்.