நாலாயிரம் கோடித் தீர்ப்பும் நம் குப்பத்துப் பிள்ளையும்

அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் என்னும் நகரில் 2024 ஜூலையில் ஒரு ஜூரி தீர்ப்புக் கூறிற்று. அபாட் என்ற பெருங் கம்பெனி 49 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டஈடு கட்டவேண்டும் என்பது தீர்ப்பு. நம் பணத்தில் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பெனியின் பசும்பால் உணவைக் கொடுத்தார்கள். குழந்தைக்குக் குடல் அழுகும் நோய் கண்டது. உயிர் தப்பிற்று; மூளை கெட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தில் மீட் ஜான்சன் என்ற இன்னொரு கம்பெனி மீது 6 கோடி டாலர் தீர்ப்பு. அந்தக் குழந்தை இறந்தே போயிற்று.

அங்கே நடக்கும் வழக்குக்கும் நம் வைத்திக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். மாசிமகத்தன்று ஊர் சாமியெல்லாம் வந்து தீர்த்தவாரி ஆடும் கரைதானே, இங்கே எந்தத் தாய் டாலரில் வழக்காடப் போகிறாள் என்று சிரிக்கவும் கூடும். சிரித்து முடித்தபின் ஒன்றை யோசிக்க வேண்டுகிறோம். ஏழு மாதத்தில் பிள்ளை பிறப்பது செயின்ட் லூயிசில் மட்டுமல்ல. கூடை சுமக்கும் வயிற்றிலும் பிறக்கிறது. டப்பாவும் எல்லா ஊர் மருந்துக் கடையிலும் இருக்கிறது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நிறைமாதத்துப் பிள்ளையின் குடல் வேலைக்குத் தயாராகி வருகிறது. குறைமாதப் பிள்ளையின் குடல் அப்படியல்ல. சுவர் மெலிது, காவல் குறைவு. கிருமி சுவருக்குள் புகுந்தால் வயிறு உப்புகிறது, மலத்தில் இரத்தம் வருகிறது, குடலின் பகுதி செத்து அழுகுகிறது, சில சமயம் ஓட்டை விழுகிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளையே இது பெரும்பாலும் பிடிக்கும். பிடித்தால் நூற்றுக்கு 20 முதல் 30 வரை மாண்டுபோகின்றன. பிழைத்தவற்றில் பல குடலை அறுத்தெடுத்தபின் பிழைத்தவை. தாய்ப்பாலில் நோய் தடுக்கும் பொருள்களும் குடலை வளர்க்கும் பொருள்களும் உண்டு. டப்பாவில் அவற்றை அப்படியே அடைக்க இன்றுவரை எவனாலும் முடியவில்லை.

இது புதுச் செய்தியுமல்ல. இங்கிலாந்தில் 900க்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து, 1990லேயே லூக்காஸ், கோல் என்ற இரு நிபுணர்கள் 'லான்செட்' ஏட்டில் எழுதினார்கள்: டப்பாப் பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு இந்நோய், தாய்ப்பால் மட்டுமே குடித்தவற்றைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாகக் கண்டது என்று. அதன்பின் 34 ஆண்டு கழித்து ஜூரி தீர்ப்பு வருகிறது. இடையில் டப்பா விற்றுக்கொண்டேயிருந்தது. அது தெரிந்திருந்தும் டப்பாவின்மேல் ஏன் எச்சரிக்கை எழுதவில்லை என்பதே அந்த வழக்குகளின் சாரம்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்க நாம் எழுதவில்லை. 2024 அக்டோபர் முடிவில் அதே செயின்ட் லூயிசில் வேறொரு ஜூரி கம்பெனிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த விசாரணையில் முறைகேடு என்று 2025 மார்ச்சில் நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2025இல் சில வழக்குகள் ஜூரி முன் போகாமலே தள்ளப்பட்டன. அமெரிக்க சர்க்காரின் மருத்துவ இலாகாக்கள் மூன்றும் 2024 அக்டோபரில் கூடிச் சொன்னது இது: டப்பாப் பால்தான் நோயை உண்டாக்குகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை, தாய்ப்பால் இந்நோயிலிருந்து காக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு.

இந்த இரண்டு வாக்கியத்தையும் தோழர்கள் சேர்த்துப் படிக்கவேண்டும். முதல் வாக்கியம் கம்பெனிக்குச் சாதகம். இரண்டாவது யாருக்குச் சாதகம்? டப்பா விஷம் என்று மேடையில் முழங்குவது சுலபம், ஆனால் பொய். தாய் இறந்த பிள்ளைக்கும், பால் எங்கும் கிடைக்காத பிள்ளைக்கும் டப்பாதான் உயிர். குறைமாதக் குழந்தைக்கு முதலில் பெற்றவள் பால், அது இல்லையேல் வேறொரு தாய் தானமாகத் தந்த பால், அதுவும் இல்லையேல்தான் டப்பா என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரிசை. வரிசையில் மூன்றாவதாக நிற்கவேண்டியவன் முண்டியடித்து முதலில் வந்து நிற்கிறான். நம் சண்டை அதனோடுதான்.

பிரெஞ்சுக்காரன் நம்மை ஆண்ட கதையில் நல்லதாக ஒன்றிரண்டு பொறுக்கலாமென்றால், அவன் நாட்டு மீனவர் ஊர் ஒன்றின் கதையைப் பொறுக்கலாம். நார்மாண்டியில் ஃபேகாம் என்ற துறைமுகம். கடலுக்குப் போகும் ஆண்கள், ஆலைக்குப் போகும் பெண்கள். அங்கே லெயோன் துய்ஃபூர் என்ற டாக்டர் 1894இல் 'பால் துளி' என்றொரு நிலையம் திறந்தார். தாய்ப்பால் கிடைக்காத சிசுக்களுக்குக் காய்ச்சிச் சுத்தம் செய்த பாலைக் கொடுத்து, வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து அனுப்பினார். அந்த நிலையத்தின் முழக்கம் என்ன தெரியுமா? 'வேறு நல்லது கிடைக்காததால்' என்பதே! நேர்மையான மனிதர். தாம் கொடுக்கும் பால் இரண்டாந்தரம் என்பதை வாசகமாகவே வைத்துக்கொண்டார். லாபம் பார்க்கிற கம்பெனி அப்படி ஒரு வாசகத்தைத் தானாக எழுதுமா? எழுதவில்லை. கொழுகொழுவென்ற குழந்தைப் படத்தை அச்சடித்தது. நம் வீடுகளில் குண்டுப் பிள்ளையைக் கண்டால் 'கிளாக்ஸோ பேபி' என்று கொஞ்சினார்களே, அது பாட்டி சொல்லிக் கொடுத்த வார்த்தையா? விளம்பரம் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

1939லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசி இந்த விளம்பரத்தைச் சாடினார். 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வாக்கெடுப்புக்கு வந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே ஒன்று: அமெரிக்கா. அந்த நாட்டுத் தாய்மார்தான் இன்று கோர்ட்டுப் படி ஏறி நிற்கிறார்கள்!

இந்தியா 1992இல் சட்டம் செய்தது. 2003இல் அதை இறுக்கிற்று. நல்ல சட்டம் என்றே சொல்வோம். இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் அன்பளிப்புக் கூடாது. அவர்கள் மாநாட்டுக்குக் கம்பெனி பணம் கூடாது. விற்பவன் வெளிநாட்டானா, நம் கூட்டுறவா என்ற பேதமும் இல்லை. ஆனால் விளம்பரத் தடையை மீறினால் தண்டனை? மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். கோடிகளில் புரளும் கம்பெனிக்கு ஐயாயிரம் ரூபாய் காபிச் செலவு. சாதாரண ஆள் இச்சட்டப்படி நேரே கோர்ட்டுக்குப் போகவும் முடியாது. சர்க்கார் அதிகாரம் தந்த உத்தியோகஸ்தரோ, சர்க்கார் அறிவித்த தொண்டுச் சங்கமோதான் போகலாம். மும்பையின் ஆக்காஷ் சங்கம் அப்படித்தான் 1990களில் நெஸ்லே மீது டெல்லியில் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இங்கே நம் தோழர்களுக்கே ஒரு சொல். எந்தக் கட்சிக்காரனானாலும் தலைவர் பிறந்தநாள் என்றால் ஏதாவது வழங்கத் துடிக்கிறான். புயல், வெள்ளம் என்றால் லாரி லாரியாகச் சாமான் வருகிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரை அதைப் பார்த்தது. குழந்தைப் பால் டப்பாவையும் புட்டியையும் அநாதை இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுப்பது அச்சட்டப்படி குற்றம். காரணம் இருக்கிறது. பால் பவுடர் கிருமியற்ற பண்டமல்ல. 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கரைக்கவேண்டும் என்பது விதி. தண்ணீரே சந்தியில் நின்று பிடிக்கும் முகாமில் அதை யார் செய்வது? 2006இல் இந்தோனேஷியாவில் பூகம்பத்துக்குப் பின் தானமாக வந்த டப்பாவை வாங்கிய வீடுகளின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு மற்ற வீடுகளைவிட இரு மடங்குக்கு மேல் கண்டது. தானம் செய்யவேண்டுமா? தாய்க்குச் சோறு போடுங்கள்.

இனி நஷ்டஈட்டுக்கு வருவோம். ஒரு பாட்டாளியின் பிள்ளைக்கு அப்படி நேர்ந்தால் அவன் எங்கே போவான்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பண்டத்தால் விளைந்த கேட்டுக்குத் தயாரித்தவனைப் பொறுப்பாக்குகிறது. சரியான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாததும் பண்டத்தின் குறையே. ஆனால் சந்து ஒன்றும் வைத்திருக்கிறார்கள்: நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே சட்டப்படி பயன்படுத்தவேண்டிய பண்டமானால், நிபுணருக்கு எச்சரிக்கை தந்திருந்தாலே போதும். குறைமாதக் குழந்தைக்கான டப்பாவில் 'மருத்துவர் ஆலோசனைப்படி' என்றிருப்பதைக் காட்டிக் கம்பெனி வக்கீல் எந்தச் சந்தில் நுழைவார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி மீது போகலாமா? 1995இல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் வகுத்தது இது: எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. காசு கொடுத்தவன் நுகர்வோன்; தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனவன் நுகர்வோனல்ல! நம் ஆட்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. ஆனால் அதே ஆள் வெளிக்கடையில் காசு கொடுத்து டப்பா வாங்கியிருந்தால், அந்த டப்பாவைப் பொறுத்து அவன் நுகர்வோனே. ஆகவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். டப்பாவையும், அதில் அச்சிட்ட பேட்ச் நம்பரையும் வையுங்கள். கேஸ் சீட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டியது டாக்டரின் கடமை என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதி கூறுகிறது. பண்டத்துக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஜில்லா நுகர்வோர் கமிஷனில் கட்டணமே கிடையாது, வக்கீலும் அவசியமில்லை. கெடு இரண்டாண்டு.

இத்தனையும் பிள்ளை கெட்டபின் செய்வது. கெடாமலிருக்க என்ன வழி? இந்த ஊரிலேயே, ஜிப்மரில், 2016இல் 'அமுதம்' என்ற தாய்ப்பால் மையம் திறக்கப்பட்டது. பால் மிகுந்த தாய் தருகிறாள், அவளுக்கு இரத்தப் பரிசோதனை, பாலை 62.5 டிகிரியில் அரை மணி சூடாக்கி, உறையவைத்து, இல்லாத பிள்ளைக்குக் கொடுப்பதே தாய்ப்பால் வங்கிகளின் முறை. ஆசியாவில் முதன்முதலாக 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மீடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது இது. பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் நம் குப்பங்களில் இல்லையா? அந்தப் பழைய உறவுக்கே இப்போது கண்ணாடிக் குப்பியும் குளிர்பெட்டியும் வந்திருக்கின்றன. 'அடுத்தவள் பாலா?' என்று முகம் சுளிக்கும் ஆண்களைத் தோழர்கள் திருத்தவேண்டும்.

ஆனாலும் பெற்றவள் பாலுக்கு அது ஈடல்ல. குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடக்கும். உறிஞ்சத் தெரியாத அதற்கு, தாய் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பாலைப் பீச்சி, குழாயிலோ பாலாடையிலோ கொடுக்கவேண்டும். பீச்சாவிட்டால் பால் வற்றும். அதற்கு அவள் பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும். இருந்தால் கூடையை யார் தூக்குவது? 1961 பிரசவ நலச் சட்டமும், அதை 26 வாரமாக்கிய 2017 திருத்தமும் முதலாளி இருக்கும் பெண்ணுக்கென்றே செய்யப்பட்டவை. மீன் விற்பவளுக்கு எந்த முதலாளி விடுப்புத் தருவான்? மத்திய சர்க்கார் முதல் பிள்ளைக்குத் தரும் 5,000 ரூபாய் எத்தனை நாள் அடுப்பெரிக்கும்? அவள் சந்தைக்குத் திரும்புகிறாள்; பிள்ளைக்கு டப்பா வருகிறது. இந்த இடத்தில் டப்பாவை வாங்க வைத்தது விளம்பரமல்ல, வறுமை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாதே என்கிறது சர்க்கார். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக! நியாயம். அதற்காக மீனவனுக்குத் தடைக்கால நிவாரணமும் தருகிறது. மீன் பிள்ளை பெறுவதற்கு நிவாரணம் உண்டென்றால், மீனவப் பெண் பெற்ற குறைமாதப் பிள்ளை பிழைப்பதற்கு ஏன் இல்லை? பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் முழுவதும் தாய்க்கு நாட்கூலி, அங்கேயே படுக்கை, மூன்று வேளைச் சோறு. டப்பாப் பால் எழுதினால் ஏன் எழுதினோம் என்று கேஸ் சீட்டில் காரணம். இவ்வளவே நாம் கேட்பது. எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் 'நடக்காத காரியம்' என்றுதான் சொன்னார்கள். 1936 ஜூலை 30இல் இதே புதுவையில் 12 தொழிலாளரின் உயிரைக் குண்டுக்குப் பறிகொடுத்துத்தான் அது நடந்தது.

தடைக்காலம் தொடங்குமுன் குப்பங்களிலிருந்து நிவாரண மனுக்கள் எழுதப்படும். அந்த மனுக்களில் இந்த மூன்று வரியையும் சேர்த்து எழுதி, பெண்களிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புமாறு கடலோரக் கிளைத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.