சந்திரகிரி யாருடைய கோட்டை?

"அது ஆந்திராக்காரங்க கோட்டை சார், நமக்கென்ன?" திருத்தணியில் நன்றாகப் படித்தவர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர் ஒருவரும் இதையேதான் சொன்னார். இந்தப் பேச்சு நம் ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. ஏன் என்று சொல்ல, முதலில் ஸ்பெயின் வரை போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்து கிரனடா நகரத்துக்குப் போனோம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், ஷத்தோபிரியான் எழுதிய கதை ஒன்றின் மூலம் எனக்குப் பழக்கமான ஊர் அது. அங்கே குன்றின்மேல் இருக்கிறது அல்ஹம்ப்ரா அரண்மனை. 1238-இல் முதலாம் முகம்மது தொடங்கியதை அவர் வழிவந்த சுல்தான்கள் வளர்த்தார்கள். பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் நீரூற்று, சுவரெல்லாம் அரபுக் கவிதைகள். எதிர்க் குன்றில் அல்பைசின் என்ற பழைய குடியிருப்பு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். மசூதி இருந்த இடத்தில் மாதா கோயில்கள்.

1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் பொஆப்தில் நகரத்தை ஒப்படைத்தார். 1609 முதல் 1614 வரை, மதம் மாறியிருந்த முஸ்லிம்களின் சந்ததியாரையும் நாட்டைவிட்டே துரத்தினார்கள். இன்றோ எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் வாய்க்கு வாய் "எங்கள் அல்ஹம்ப்ரா" என்றார். 1984-இல் அரண்மனையும், 1994-இல் அல்பைசினும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

"வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்ல நான் வரவில்லை. கட்டியவர்களின் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு, கட்டடத்துக்கு டிக்கெட் விற்பதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது. 1812-இல் நெப்போலியன் படை வெளியேறும்போது அங்கிருந்த கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தது; எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் அந்தச் சேதி இல்லை! ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மொழி மாறியது, மதம் மாறியது, அரசு மாறியது. அத்தனைக்குப் பிறகும் அந்த ஊர்க்காரன் "அது வேறு யாருடையதோ" என்று சொல்லவில்லை.

நமக்கு மாறியது என்ன? வரைபடத்தில் ஒரு கோடு. 1953 அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போனபோது நம் திருத்தணியும் கூடவே போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. ஏழு ஆண்டுக்குள் கோடு இரண்டு முறை நம் தலைக்கு மேல் நகர்ந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. வேங்கடம் வரை வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். கிடைத்திருந்தால் "நம் சந்திரகிரி" என்று மார்தட்டியிருப்போம். நான் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன். கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் சங்கதி மாறிவிடுமா?

அந்தச் சங்கதியும் சாதாரணமானதல்ல. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஹம்பி அழிந்தது. அதன் பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டாவிலும், பின்னர் சந்திரகிரியிலும் இருந்து ஆண்டார்கள். அங்குள்ள ராஜமகால் மூன்று மாடிக் கட்டடம். கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மரமே சேர்க்காமல் எழுப்பியது. கீழே துருக்க பாணி வளைவுகள், மேலே கோயில் விமானம் போன்ற சிகரங்கள். 1639-இல் கும்பினிக்காரர்களுக்கு மதராசில் இடம் கொடுத்த தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர், இந்த அரச வம்சத்துக்குக் கீழ்ப்பட்டவர்தான். அவருடைய தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் சென்னை என்ற பெயர் வந்தது என்பது பலர் கருத்து. சென்னை நம்முடையது, அந்த வம்சத்தின் கோட்டை மட்டும் அந்நியமா?

"அவர்கள் தெலுங்கு ராஜாக்கள்" என்பார்கள். மதுரை திருமலை நாயக்கர் யாராம்? அவர் மகாலை நம்முடையதில்லை என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? 1888-இல் நம் ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. அவரை விட்டுக்கொடுப்போமா? நம் கடைத்தெருவில் ஒரே மூச்சில் இரண்டு மொழியும் பேசிக் காய் வாங்குகிறவர்கள் நாம். கட்டடத்துக்கு மட்டும் மொழி பார்ப்பது என்ன நியாயம்?

எல்லை என்பது வரி வசூலிக்கவும், பஸ்ஸுக்கு பர்மிட் கொடுக்கவும் ஏற்பட்டது. தாத்தா பாட்டன் வாழ்ந்த ஊர்களின் கதையை அதை வைத்து நறுக்கினால், நஷ்டம் ஆந்திராவுக்கு அல்ல, நம் பேரப்பிள்ளைகளுக்கு. மாதந்தோறும் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகிறோம். தரிசனம் முடிந்து லட்டுப் பையோடு நேரே திரும்பிவிடுகிறோம். இன்னும் அரை மணி நேரம் போனால் சந்திரகிரி. அடுத்த முறை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.