அகலத் தடம், ஒல்லி முனை

"பழைய பிளாப்பியா? பூஞ்சை பிடிச்சிருக்கும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாப் பழியையும் காலத்தின் தலையில் போடுவது வசதி. ஆனால் பல பிளாப்பிகள் முதுமையில் சாகவில்லை. எழுதிய அன்றைக்கே செத்தன.

1984-ல் ஐபிஎம் பிசி ஏடி 1.2 எம்பி டிரைவோடு வந்தது. பழைய 360 கேபி டிரைவ் ஒரு பக்கத்துக்கு 40 தடம் போடும். புதுசு அதே இடத்தில் 80. அதனால் அதன் முனை பாதி அகலம்தான். பழைய வட்டைப் படிக்கும், எழுதவும் செய்யும். ஆனால் அகலத் தடத்துக்குள் ஒல்லிக் கோடாக எழுதும். ஓரத்தில் பழைய எழுத்து அழியாமல் கிடக்கும். எழுதிய டிரைவில் எல்லாம் சரியாகத் தெரியும். 360-ல் போட்டால் பழசும் புதுசும் கலந்து குழம்பிப் பிழை காட்டும்.

"உபயோகிக்கத் தெரியலை" என்பார்கள். அபத்தம். ரெண்டு டிரைவுக்கும் அதே 5.25 அங்குல வட்டு, அதே வாய்!

போடி ரயிலைப் பாருங்கள். மீட்டர் கேஜை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில். அதுவரை பொட்டிபுரத்துக்காரர்களுக்குப் போடியிலிருந்து ரயில் இல்லை. கொடுமைதான். ஆனாலும் பழைய பெட்டி புதுப் பாதையில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒத்துப்போகாதது குற்றமில்லை. பாதி ஒத்துப்போய்விட்டு முழுசாக ஒத்துப்போவதாக நடிப்பதுதான் குற்றம். செயலி எழுதும் நாமும் அதைத்தான் செய்கிறோம். புதுப் பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காதென்றால், படிக்க மட்டும் விடுங்கள். எழுத விடாதீர்கள்.