ஓட்டை போடும் முன் ஓட்டுநர் உட்காரட்டும்

வீட்டுக் கொட்டகையிலோ கல்லூரிப் பட்டறையிலோ கார் கட்டுகிறவர்கள் ஹார்னஸுக்கான (ஓட்டுநரை இருக்கையோடு கட்டும் பெல்ட் தொகுப்புக்கான) ஓட்டையைப் பெரும்பாலும் கடைசியில்தான் போடுகிறார்கள். சேஸி வெல்டிங் முடிந்து, பெயின்ட் காய்ந்து, இருக்கையும் ஏறிய பிறகு மிஞ்சிய இடத்தில் பெல்ட்டுக்கு ஒரு மூலை தேடுகிறார்கள். இந்த வரிசை மாறியே ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் தடுப்பில் மோதி 40 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரியாக 25 ஜி அளவுக்கு வேகம் அறுபடுகிறது. 70 கிலோ எடையுள்ள ஓட்டுநர் பெல்ட்டுகளை ஏறக்குறைய 1,700 கிலோ விசையோடு இழுப்பார். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி, தோள், இடுப்பு பெல்ட்டுகளைக் கட்டும் முனை ஒவ்வொன்றும் 1,470 டெகாநியூட்டன், அதாவது ஒன்றரை டன் தாங்க வேண்டும் என்கிறது. மெல்லிய அலுமினியத் தரையில் வாஷர் போட்டு முடுக்கிய போல்ட் அந்த இழுப்பில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். புதிதாக அமைக்கும் முனைக்கு 3 மி.மீ. தடிப்பும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகடு கேட்பது அதனால்தான்.

குழாய்ச் சட்டத்தில் சிக்கல் வேறு மாதிரி. லோட்டஸ் செவன் பாணியில் வீட்டில் கட்டும் கார்களில் 25 மி.மீ. சதுரக் குழாய்தான் வழக்கம், சுவர் 1.6 மி.மீ. அதில் நேராக 12 மி.மீ. துளைத்தால் ஓட்டையின் இருபுறமும் ஆறரை மி.மீ. உலோகமே மிஞ்சும். போல்ட்டை முடுக்க முடுக்கக் குழாய் நசுங்கும், இறுக்கமும் நிற்காது. லேத்தில் கடைந்த எஃகு புஷ்ஷை இரண்டு சுவர்களையும் ஊடுருவும்படி செருகி, இரு பக்கமும் சுற்றி வெல்ட் செய்து, அதற்குள் மரை போடுவதே சரி. புஷ்ஷுக்கான ஓட்டை இன்னும் பெரிதுதான். ஆனால் வெட்டியெடுத்த வலுவை வெல்ட் திருப்பிக் கொடுக்கிறது. பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

மரையிலும் கவனம் வேண்டும். ஹார்னஸ் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல யுஎன்எஃப். கடையில் சட்டென்று கிடைப்பது எம்12. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மரை இடைவெளியோ 1.27 மி.மீ., 1.75 மி.மீ. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஸ்பானரால் அழுத்தினால் மரை வழிந்துவிடும், வெளியிலிருந்து பார்க்க இறுகியதுபோலவே தெரியும். 7/16க்கு டேப் போட 9.9 மி.மீ. டிரில் எடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கோணம். தோள் பெல்ட்டைத் தரையில் கட்டினால், மோதலில் அது ஓட்டுநரின் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். இடுப்பு பெல்ட் கிடையாக ஓடினால் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். பிராக்கெட் இழுப்பின் திசைக்குத் திரும்பியிருக்காவிட்டால் பட்டை ஒரு ஓரத்தில் குவிந்து அங்கேயே கிழியத் தொடங்கும். 2001இல் டேடோனா பந்தயத்தில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த விபத்தில் அவருடைய இடது இடுப்பு பெல்ட் அறுந்தது. சரிசெய்யும் கொக்கியில் பட்டை ஒருபக்கமாகக் குவிந்ததே காரணம் என்று பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பின் அறிக்கை சொன்னது.

இந்தக் கோணங்கள் வரைபடத்தில் மட்டும் கிடைக்காது. ஹெல்மெட்டும் பூட்ஸும் மாட்டிய ஓட்டுநரை இருக்கையில் அமர்த்தி, தோளிலிருந்து பின்னால் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் குழாயைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கோணமானியை வைத்துப் பாருங்கள். எஃப்ஐஏ கிடைமட்டத்திலிருந்து கீழே 45 பாகைவரை அனுமதித்தாலும், பரிந்துரைப்பது 10 பாகைக்கு மிகாத கோணத்தைத்தான்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள், அணியின் உயரமான ஓட்டுநரையும் குட்டையானவரையும் இப்படி அளந்த பிறகே தோள் பெல்ட் குழாயை வெட்ட வேண்டும். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் குழாயை நடுவில் வைத்துச் சமாளிக்காதீர்கள். உயரமானவருக்கு ஏற்றபடி குழாயை வெல்ட் செய்துவிட்டு, குட்டையானவருக்கு அவர் உடம்புக்கு வார்த்த, அழுந்தாத இருக்கைச் செருகு ஒன்றைச் செய்து கொடுங்கள்.